எதுவும் கேட்காத சம்பந்தி

“எங்களுக்குன்னு நாங்க ஒண்ணும் கேக்கலங்க சம்பந்தி. நீங்க செய்யறதெல்லாம் உங்க பொண்ணுக்குத்தான செய்யறீங்க?” என்று சொல்லிக்கொண்டேதான் கள்ளக்குறிச்சி பைக் ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தள்ளினார் நாராயணசாமி.

“சரிங்க சம்பந்தி” என்றார் பின்னால் வந்த பெண்ணின் அப்பா தீனதயாளன். நிச்சயம் முடிந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

நாராயணசாமி ஒன்றும் கேட்கவில்லை என்பது சத்தியமான உண்மை. நிச்சயதார்த்தப் பந்தியில் பாயசத்தை உறிஞ்சியபடி கொஞ்சம் வருத்தப்பட்டார், அவ்வளவுதான். பையன் ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டான், வீட்டில் இருக்கிற வண்டியில் உட்கார்ந்தால் முட்டி காதைத் தொடுகிறது, காலை நீட்டி உட்கார ஒரு க்ரூஸர் வண்டி இருந்தால் தேவலை என்றார். வருத்தப்படுவது கேட்பதாகுமா?

அதோடு நிற்கவில்லை. மாப்பிள்ளை ஊர்வலமே புது வண்டியில்தான் என்று தன் ஊரான வடக்கனந்தல் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். இனி வண்டி வராவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது.

மாப்பிள்ளை சிவசங்கர் கதவில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். எட்டுப் போடும்போது காலை ஊன்றி ஊன்றி, போன மாதம்தான் ஒருவழியாக லைசென்ஸ் வாங்கியவன். அப்பா முன்னால் வாய் திறந்து அவனுக்குப் பழக்கமில்லை.

அவனை ஒவ்வொரு வண்டியாக ஏற்றி இறக்கினார் நாராயணசாமி. முதல் வண்டியில் ஹேண்டிலைத் திருப்பினால் முட்டியில் இடித்தது. அடுத்தது நல்ல உயரம், ஆனால் முன்னால் கவிழ்ந்து ஓட்ட வேண்டும், முதுகு போய்விடும் என்று தள்ளினார். மூன்றாவதுதான் க்ரூஸர். சீட் தாழ்வாக இருந்ததால் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கால் வைக்கும் இடம் முன்னால் தள்ளி இருந்தது. ஹேண்டில் தானாகக் கைக்கு வந்தது. ஈஸி சேரில் சாய்ந்தவன் போல உட்கார்ந்தான் சிவசங்கர்.

அப்போதுதான் தீனதயாளன் சேல்ஸ்மேனிடம் மெதுவாகக் கேட்டார். “புதுசா ஓட்டறவங்களுக்கு மலைல வளைவு திருப்ப சரியா வருங்களா? தெனம் போய் வந்தா, உசரமானவங்களுக்குக் கால் மரத்துப் போவாதுங்களே?”

மாப்பிள்ளை மேல் சம்பந்திக்கு இத்தனை கரிசனமா என்று நாராயணசாமிக்கு நெஞ்சு குளிர்ந்தது. வண்டி கனம்தான், ஆனால் கால் நன்றாக ஊன்றுவதால் புதியவர்களுக்கும் பயமில்லை என்றார் சேல்ஸ்மேன். ஒரே ஒரு குறை, பின் சீட் உள்ளங்கை அகலம்தான். வேண்டுமென்றால் பெரிதாக மாற்றித் தருவதாகவும் சொன்னார்.

மாற்றினால் வண்டியின் அழகு கெட்டுவிடும் என்பது நாராயணசாமியின் கவலை.

“பின்னாடி உக்கார்றவங்களுக்கு இன்னா சொகுசு வேண்டிக் கெடக்கு? கம்பியப் புடிச்சிக்கினு பேசாம வந்தா போதும். குடும்பம்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்” என்றார்.

பின்னால் உட்காரப் போகிறவளைப் பெற்றவர் பக்கத்தில்தான் நின்றார். சிவசங்கர் கூசிப்போய்த் தரையைப் பார்த்தான்.

“சரிங்க சம்பந்தி” என்றார் தீனதயாளன். இப்படியும் ஒரு மனிதர் முதுகெலும்பே இல்லாமல் இருப்பாரா என்று அந்த சேல்ஸ்மேனுக்கே எரிச்சல் வந்தது.

தீனதயாளனின் நிலைமை அப்படி. மகள் தேவிப்ரியாவும் நல்ல உயரம். அவள் உயரத்துக்கு வரன் அமையாமல் அலைந்து, கடைசியில் அமைந்த இடம் இது. அந்த உபகாரத்தையும் நாராயணசாமி அடிக்கடி நினைவுபடுத்தத் தவறுவதில்லை.

வண்டி எடுக்கிற நாளில் ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார் நாராயணசாமி. வண்டிக்கு மாலை, சந்தனப் பொட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். சாவியை வாங்கிக்கொள்ள மகனை முன்னால் தள்ளினார்.

சாவியைக் கையில் வைத்திருந்த தீனதயாளன் வாசல் பக்கம் திரும்பி, “பாப்பா, வாம்மா” என்றார்.

சுடிதாரும் கையில் ஹெல்மெட்டுமாக வந்தாள் தேவிப்ரியா. சாவி அவள் கைக்குப் போனது.

“சம்பந்தி, இன்னாங்க இது?” என்று முன்னால் வந்தார் நாராயணசாமி.

“நீங்க சொன்னதுதாங்க. எம்பொண்ணுக்குத்தான செய்யறேன்? தெனம் வெள்ளிமலை ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்கு பஸ் மாறி மாறிப் போய்க்கினு இருக்கா. அவளும் உசரம், ஓட்டறதுக்கும் புதுசு. நீங்க பாத்துப் பாத்து எடுத்தது அப்படியே அவளுக்கு அமைஞ்சிபோச்சு.” தீனதயாளன் பணிவாகச் சேர்த்துக்கொண்டார். “ஊர்வலத்துக்குக் கவலப்படாதீங்க. மாப்ளய அவளே பின்னாடி ஏத்திக்கினு வந்துடுவா.”

வேனில் வந்த கூட்டத்தில் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள்.

தேவிப்ரியா எலுமிச்சம்பழத்தை நசுக்கி, ஷோரூம் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சிவசங்கர் முன்னால் நிறுத்தினாள். அவன் அவளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். பிறகு நீளமான காலைத் தூக்கிப் போட்டு, அந்த உள்ளங்கை அகல சீட்டில் ஏறி உட்கார்ந்தான். முட்டி இரண்டும் காதுக்கு வந்தன.

“டேய், எறங்குடா. அதுல எப்பிடிடா குந்திக்கினு போவ?” என்று பதறினார் நாராயணசாமி.

சிவசங்கர் வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவுக்குப் பதில் சொன்னான்.

“பின்னாடி உக்கார்றவங்களுக்கு இன்னா சொகுசுப்பா வேண்டிக் கெடக்கு?”