பார்த்த பாவம்

காசிநாதனின் இமையில் கட்டி வந்ததிலிருந்து மனைவி முத்துமாரி அவனோடு பேசுவதில்லை. பார்க்கக் கூடாததைப் பார்த்தவனுக்குத்தான் கண்கட்டி வரும் என்று அந்தத் தெருவே நம்பியது. பக்கத்து வீட்டு சௌமியா, தான் குளிக்கும் மறைப்புக்கு மேலே இன்னொரு சாக்கையும் கட்டிவிட்டாள்.

தோல் பதனிடும் டேனரியில் கூட வேலை செய்யும் புகழேந்தி விடவில்லை. "எந்த வூட்டைப்பா பார்த்த? தோஸ்துக்குக் கூட சொல்ல மாட்டியா?"

"நான் யாரையும் பார்க்கலடா."

"கண்ணே சொல்லுதே."

நாமக்கட்டி உரசிப் போட்டும் கட்டி கரையவில்லை. கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய், இமையில் துளி சதை வெட்டிச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தான்.

இன்றைக்கு ரிசல்ட். திரும்பி வரும்போது ஆம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் பிரியாணி வாங்கினான். ரொம்ப நாளைக்குப் பிறகு தெருவில் தலை நிமிர்ந்து நடந்தான். சௌமியா வீட்டுக்கு நேராக வந்ததும் வேண்டுமென்றே குரலை உயர்த்தினான்.

"டாக்டரே சொல்லிட்டாரு. இது கண்கட்டியே இல்லையாம். எதையும் பார்த்ததால வந்தது இல்லையாம்."

முத்துமாரி வாசலுக்கு வந்தாள். மாதக்கணக்கில் பேசாதவள் வாயைத் திறந்தாள்.

"அப்ப இன்னாவாம்?"

காசிநாதன் சிரித்தபடி பிரியாணிப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தான்.

"இமைத் தோல்ல அபூர்வமா வர்ற கேன்சர்தானாம்."