பெரிய எழுத்துப் புத்தகம்

"எங்க வூட்டுக்கு இந்தப் பெரிய எழுத்து புக்குதான் வேணும். வேற எதுவும் வாணாம்."

வேடியப்பன் இதை மூன்றாவது முறையாகச் சொன்னபோது ரேணுகாதேவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

வராதா பின்னே? விடியற்காலையில் கண்ணமங்கலத்தில் பஸ் ஏறி, ஜமுனாமரத்தூரில் இறங்கி, ஷேர் ஜீப்பில் இடுப்பொடிய இந்த நெல்லிவாசல்நாட்டுக்கு வந்திருக்கிறாள். குடும்பப் படிப்பு வகுப்பு தொடங்குவதற்காக. வீட்டுக்கு ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் ஜோடியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். எந்தப் புத்தகம் என்பதை ஊரார் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இந்த வருஷம் வகுப்பே கிடையாது.

மாதிரிக்கு இரண்டு புத்தகங்கள். ஒன்றில் சாமை விதைப்பு, மருந்துச் சீட்டு, பஸ் போர்டு என்று வேண்டியதெல்லாம் இருந்தது. அதில் பாதி ரேணுகாதேவியே எழுதியது. இன்னொன்றில் பக்கத்துக்கு ஒரே வார்த்தை. ஒவ்வொரு எழுத்தும் இட்லி சைஸ்.

காலையிலிருந்து பள்ளிக்கூட அறையில் ஊராரை உட்காரவைத்து இரண்டையும் நடத்திக் காட்டிவிட்டாள்.

"மருந்துச் சீட்டு படிக்கத் தெரிஞ்சா நல்லதுதானே?" என்றாள் அம்மாக்கண்ணு.

"வேடியப்பனுக்கு அதெல்லாம் எதுக்கு? ஆனா ஆவன்னா தெரிஞ்சாலே கலெக்டர் ஆயிடுவான்" என்றான் சின்னராஜ். பள்ளிக்கூட அறையே சிரித்தது. வேடியப்பனும் சேர்ந்து சிரித்தாரே தவிர, இறங்கி வரவில்லை.

அவர்மேல் ரேணுகாதேவிக்கு இன்னொரு கடுப்பும் இருந்தது. அவருடைய தம்பி கேரளாவில் வேலை பார்க்கிறான். தம்பி மகள் ஆனந்தியை மடியில் வைத்துக்கொண்டு இவர் ஜம்மென்று உட்கார்ந்திருக்க, குழந்தையைப் பெற்ற சசிகலா வாசலுக்கு வெளியே நிற்கிறாள். அவளுக்குக் கிடைக்க வேண்டிய இடம்!

அந்த உட்காருகிற லட்சணத்தையும் சொல்ல வேண்டும். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பார்.

"கண்ணு தெரியலைங்களா? கண்ணாடிக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

"கண்ணுக்கு இன்னா மேடம்? எதிர் மலைத் தேன்கூட்ட இங்க இருந்தே காட்டுவேன்."

"அப்புறம் ஏங்க இந்தப் புடிவாதம்?"

வேடியப்பன் தலையைச் சொறிந்தார்.

இவர் ஒருத்தரால் பதினெட்டு வீட்டுப் படிப்பு கெடுகிறதே என்று மனசு கொதித்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று வெளியே வந்தாள்.

வாசலில் சசிகலா குந்தி உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் எழுதிக்கொண்டிருந்தாள். மழை. ஆடு. வரகு. எல்லாம் பெரிய எழுத்துப் புத்தகத்து வார்த்தைகள். ரேணுகாதேவியைப் பார்த்ததும் பதறி எழுந்து காலால் தேய்த்தாள்.

"அழிக்காதம்மா! இவ்வளவு ஆசை இருக்கில்ல? உள்ள வந்து உக்காரு."

"அய்யோ, எங்க வூட்டுக்காரரோட அண்ணன் உக்காந்திருக்காருங்க. அவர் எதிர்ல நான் எப்படி உக்கார்றது?"

சசிகலா வெட்கப்பட்டுக்கொண்டு குழாயடிக்கு நழுவிவிட்டாள்.

பேச்சுச் சத்தம் கேட்டு வேடியப்பனே எழுந்து வந்தார். ரேணுகாதேவி பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? உங்களாலதான் அவங்க வெளிய நிக்கிறாங்க. அந்த எடத்த அவங்களுக்கு விட்டுக் குடுத்தா என்ன?"

வேடியப்பன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருசம் ஒரு வகுப்பு வந்துச்சிங்க. நீ போம்மான்னு விட்டுத்தான் பாத்தேன். 'வூட்டுல பெரியவங்களே படிக்கல, எனக்கு எதுக்கு'ன்னு அது வரவே இல்ல. இந்த வாட்டி நான் பேர் குடுத்தேன். கொழந்தைய கூட்டியாந்து விடுற சாக்குல வந்து, வாசல்லயே நின்னுக்கிது."

"அதனால?"

"அங்க இருந்து பாத்தா சின்ன எழுத்து தெரியாதுங்களே மேடம்."

ரேணுகாதேவி தன் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

"பெரிய எழுத்தே இருக்கட்டும். மத்தவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா நீங்களும் ஒழுங்கா படிக்கணும்."

"நானா?" வேடியப்பன் வாய் நிறையச் சிரித்தார். "எனக்கெல்லாம் படிப்பு ஏறாது மேடம். நான் புத்தகத்தத் தூக்கிப் புடிக்க வந்தவன்."