நாவல் மரத்தடி

கடப்பாரையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். வேறு யாரும் அங்கே குத்திவிடக் கூடாது.

நாவல் மரத்தடியில் சுண்ணாம்பால் சதுரம் போட்டிருந்தார்கள்.

கொஞ்சம் தள்ளித் தோண்டலாமே என்று சொல்லிப் பார்த்தான். ஆராய்ச்சிக்கு வந்திருந்த பெண் கையிலிருந்த கருவியைக் காட்டினாள். குறித்த இடம் குறித்ததுதான், மாற்ற முடியாது என்றாள். ஏன் கேட்கிறீர்கள் என்றும் கேட்டாள்.

பக்கத்தில் வனக்காவலர் நின்றிருந்தார்.

சும்மாதான் என்றான்.

காட்டுக்குள் புதைப்பது குற்றம். குடியிருப்பை மலையடிவாரத்துக்கு மாற்றிய பிறகு, யார் செத்தாலும் ஊர்ச் சுடுகாட்டில்தான் எரிக்க வேண்டும். அவன் சனத்தில் யாரையும் எரித்ததில்லை. காய்ச்சலில் போன மகள் பொம்மியைத் துணியில் சுற்றி, தோளில் சாத்திக்கொண்டு, மழையோடு மழையாக இந்த மரத்தடிக்கு ஏறி வந்துவிட்டான். புதைத்து இரண்டு மழைக்காலம் ஆகிறது.

தோண்டினான்.

அந்தப் பெண் கல்லில் உட்கார்ந்து காவலருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். காற்றிலிருந்து இழுக்கும் கார்பன் என்ற கரியை மரம் தானே வைத்துக்கொள்வதில்லையாம். இலை உதிர்ந்து மக்கி, வேர் செத்து மக்கி, மண்ணுக்குள் போய்ச் சேருமாம். தைலமரத் தோப்பையும் பார்த்தாயிற்று, பழைய மரத்தடியில் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க வேண்டுமாம்.

இடுப்பளவு இறங்கியதும் மண்வெட்டியை மேலே வைத்துவிட்டுக் கையால் அள்ளத் தொடங்கினான்.

என்னய்யா, புதையலா என்று காவலர் சிரித்தார்.

எலும்பு எதுவும் அகப்படவில்லை.

வேர்தான் இருந்தது. தலைமயிர் போல மெல்லிய வேர்கள், ஒரு கைப்பிள்ளை அளவுக்குச் சுருண்டு, உள்ளே கரிய மண்ணைப் பிடித்தபடி.

அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அதை உதிராமல் அப்படியே எடுக்கச் சொன்னாள்.

எடுத்தான்.

இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டான்.

"உலையில வச்சு எரிப்போம் அண்ணா. எரிச்சாத்தான் எவ்வளவு கரி இருக்குன்னு தெரியும்."

பையில் போட்டு வாயைக் கட்டச் சொன்னாள். முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவது நின்றது.

ஜீப் போய்விட்டது.

வீட்டில் மனைவி சோறு போட்டு வைத்திருந்தாள். இன்றைக்கு என்ன வேலை என்று கேட்டாள். குழி வெட்டினேன் என்றான். எங்கே என்றபோது சோற்றின் முன் போய் உட்கார்ந்தான்.

செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். கையை நீட்டச் சொன்னாள்.

கரிய மண் ஒட்டியிருந்த விரல்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.