கயிறும் வைன் அலமாரியும்

துளை போடும்போது மணிக்கட்டில் இருந்த கயிறு டிரில்லிங் மெஷினில் சிக்கப் பார்த்தது.

அவன் மெஷினை நிறுத்தினான். கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு முழங்கைப் பக்கமாக மேலே ஏற்றிவிட்டான்.

பக்தி.

அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பலகைதான். காலையில் சமையலறைச் சுவரிலிருந்து கழற்றியெடுத்தான். மிளகாய்த்தூள், புளி, பருப்பு டப்பா எல்லாம் இப்போது தரையில் கிடக்கின்றன.

அந்தக் கயிறு முனீஸ்வரன் கோயிலில் கட்டியது. ஒரு வருஷத்துக்குக் குடிப்பதில்லை என்று சத்தியம். எதையெல்லாம் விடுகிறாய், உன் வாயால் சொல் என்றார் பூசாரி. பிராந்தி, விஸ்கி, ரம், பீர் என்று சொல்லிக்கொண்டே போனான். கடைசியில் கள்ளையும் சேர்த்துக்கொண்டான்.

கள் வரைக்கும் சொல்கிறானே என்று பக்கத்தில் நின்றவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மடச்சி.

அவன் வைனைச் சொல்லவில்லை.

போன வாரம் பாண்டிச்சேரியிலிருந்து நான்கு பாட்டில் வாங்கி வந்தான்.

"சாமிகிட்ட சொன்ன சொல்ல நான் மீற மாட்டேன். இது அதுல சேராது" என்றான்.

பொய் சொல்கிற முகமாக இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறான். தெரிந்து ஏமாற்றுகிறவனையாவது ஆம்பளை என்று சொல்லித் தொலைக்கலாம்.

பைக் பெட்டியில் குவார்ட்டரை ஒளித்து வைத்து, கக்கூஸில் நின்றபடி குடித்தவன். இப்போது கூடத்தில், வருகிறவர்கள் பார்க்கிற சுவரில், வைன் அலமாரி மாட்டப்போகிறான். பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டுமாம். தக்கை காயக் கூடாதாம். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் சொன்னானாம். இந்தத் துரை வாங்கி வந்த பாட்டில்களில் தக்கையே கிடையாது. எல்லாம் திருகு மூடி.

அலமாரி ஒருவழியாகச் சுவரில் ஏறியது. ஒரு பக்கம் சரிந்துதான் இருந்தது. கழுத்தைத் துளையில் செருகி நான்கு பாட்டிலையும் படுக்க வைத்தான். இன்னும் எட்டுத் துளைகள் காலியாக இருந்தன. அவற்றைத்தான் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்படி இருக்கு?"

அவள் கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

அன்றைக்குக் கோயிலில் அவளும் ஒரு சத்தியம் செய்திருந்தாள். இனிமேல் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக மாட்டேன் என்று. அவன்தான் சொல்ல வைத்தான். வார்த்தை வார்த்தையாக, பூசாரி காதில் விழும்படி.

அவள் போனை எடுத்தாள். பண்ருட்டியில் இருக்கிற அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒங்க வீட்டு மாடி ரூமு காலியாத்தான கெடக்கு?"