கீறல் இல்லாத கை

"கையை நீட்டப் போறியா, இல்லையா?" டாக்டர் தேயர் போட்ட சத்தம் அந்த அமெரிக்கத் துறைமுக ஊரின் பாதித் தெருவுக்குக் கேட்டது.

"கத்தியைக் கீழ வைங்க! டாக்டர் மெர்சரைக் கூப்பிடுங்க," என்று காய்ச்சலில் கிடந்த மனைவி ப்ரூடென்ஸ் அதற்கு மேல் கத்தினாள்.

"அவனையா? காய்ச்சலுக்குக் கையைக் கீறி ரத்தம் எடுக்கிறது கொலைன்னு பத்திரிகையில எழுதி என்னை நாறடிச்சானே, அவனையா?"

"உங்க பேரு பெரிசா, என் உசிரு பெரிசா?"

மனிதர் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்தார். பிறகு மெர்சரைக் கொல்லைப்புறக் கதவு வழியாக அழைத்து வந்தார். மெர்சர் கொடுத்த மரப்பட்டைக் கஷாயத்தில் காய்ச்சல் இறங்கியது.

அவள் எழுந்து நடமாடுவதற்குள், தன் கத்திதான் மனைவியைப் பிழைக்கவைத்தது என்று தேயரின் கடிதம் பத்திரிகையில் வந்துவிட்டது. பெருந்தன்மையோ சோம்பலோ, மெர்சர் மறுப்பு எழுதவில்லை.

இதை நம்பி இன்னும் எத்தனை பேர் கையை நீட்டப் போகிறார்களோ என்று ப்ரூடென்ஸுக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிறன்று, பல் கிட்டும் குளிரில், சட்டைக் கைகளைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு தேவாலயத்தின் முன்வரிசையில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளிலும் ஒரு கீறல்கூட இல்லை. அன்றைய பிரசங்கம் எதைப் பற்றியது என்று ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை.

மெர்சர் பத்திரிகைக்காரரின் மகளைக் கட்டிக்கொண்டார். தேயர் அந்தப் பத்திரிகை எட்டாத மேற்குச் சீமைக்குக் குடிபோனார். ப்ரூடென்ஸும் கூடவே போனாள். அங்கேயும் அவரிடம் கையை நீட்ட நோயாளிகள் இருப்பார்களே.