பாட்டில்லாமல் ஒரு முறை

கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகனைத் தேடும் செல்லத்தாயின் பேட்டியில், பின்னால் ஒரு சினிமாப் பாட்டு ஓடியிருந்தது. பதிவின்போதே நான் கவனித்திருக்க வேண்டும். உரிமை கேட்டு இசை நிறுவனத்துக்கு நான்கு முறை எழுதினேன், பதில் இல்லை. பாட்டை நீக்கினால் அவர் குரலும் போகிறது. அப்படியே வெளியிட்டால் எங்கள் இணையச் சேனலை முடக்கிவிடுவார்கள்.

மறுபடி பதிவு செய்ய வரவழைத்தேன். கேமரா ஓடியதும் அவர் செல்போனில் அதே பாட்டைப் போட்டார்.

"பாட்டு வேண்டாம்மா."

"என் மூஞ்சியப் பாத்தா வீடியோவத் தள்ளிவிட்டுட்டுப் போயிருவான் தம்பி. இந்தப் பாட்டுன்னாத்தான் செத்த நிப்பான்."

ஒலியைக் கூட்டிவிட்டு, "டேய் பாண்டி" என்று ஆரம்பித்தார். நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.