வசனம் இல்லாத குழந்தை

“அவ போயிட்டா. சந்தேகமே இல்லை” என்றாள் டேப்பு.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் திங்கட்கிழமை என்றால் துணி மலையாகக் குவிந்து கிடக்கும். அந்த மலை கரையும்வரை, ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் போட்ட படத்தைப் பற்றித்தான் பேச்சு.

இந்த வாரப் படத்தின் முடிவு பெரிய வழக்காகிவிட்டது. புருஷன் கொடுமை தாங்காத மனைவி, கடைசிக் காட்சியில் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதோடு படம் முடிந்துவிட்டது. போனாளா, உள்ளே திரும்பினாளா?

“போயிட்டாள்னா ஹீரோவுக்கு என்ன மரியாதை?” என்று பொங்கினாள் ரசிகை. ஐம்பது வயது. தன் ஹீரோ கொலையே செய்தாலும் செத்தவன் மேல்தான் தப்பு என்பாள்.

டேப்பு ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்திருந்தாள். எதிர் மூலைகளை இஸ்திரி அக்கா பிடித்திருந்தாள். உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து மூலைகளைச் சேர்த்து, மறுபடி விலகினார்கள்.

டேப்பு எந்தப் படமானாலும் வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு, நடுவில் விட்ட மூச்சோடு, டேப் ரெக்கார்டர் போல அப்படியே ஒப்பிப்பாள். அதனால் வந்த பெயர்தான் டேப்பு. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

“தாழ்ப்பாள் இழுக்கிற சத்தம் கேட்டுச்சா? அப்புறம் ஒரு மூச்சு விட்டா. அது பயந்தவ மூச்சு இல்லை. போறவ மூச்சு.”

போன வாரம் வேலைக்குச் சேர்ந்த புதுசு, தலையணை உறைகளை எண்ணுவதை நிறுத்தினாள்.

“அப்ப குழந்தை?”

“எந்தக் குழந்தை?”

துவைக்கும் இயந்திரம் ஒரு சுற்றை முடித்து நின்றது.

“என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? வாய் பேசாத குழந்தை, படம் பூரா அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே சுத்துதே! கடைசியில ஜன்னலுக்குப் பின்னால நின்னு பாக்குமே!”

“டேப்பு அறுந்துபோச்சுடி!” என்று கைகொட்டிச் சிரித்தாள் ரசிகை. “பாதியில தூங்கிட்டா போலிருக்கு.”

டேப்பு தூங்கவில்லை. அவள் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. மூன்று வருடமாக எந்தப் படத்தையும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் கணவன் அவளைப் பின்னறையில் விட்டு வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அந்த அறையில் டிவி கிடையாது. ஜன்னலும் கிடையாது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் வேறு தெருவில் வாசல் வைத்த ஏதோ ஒரு வீடு. அங்கே சத்தமாகப் படம் ஓடும். சுவரில் காதை வைத்துக்கொண்டு, கேட்கிற குரல்களுக்கெல்லாம் அவளே முகம் செய்துகொள்வாள்.

பேசாதவர்களுக்கு அவள் படத்தில் இடமில்லாமல் போயிற்று.

மற்ற நாட்களில் காலை எட்டுக்கு கேட் வாசலில் பைக்கில் கொண்டுவந்து விடுவான். மாலை ஐந்துக்கு அதே இடத்தில் ஹாரன் அடிப்பான். ஒரு நாள் தவறியதில்லை. “உன் மேல உயிரையே வெச்சிருக்காருடி” என்று ரசிகை கண் வைப்பாள்.

“குழந்தை இருந்தா போயிருக்க மாட்டா” என்றாள் டேப்பு.

“இப்பதானேடி போயிட்டான்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னே?”

“குழந்தை இருக்குன்னு தெரியாது.”

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரசிகையும் புதுசும் சிரித்தபடியே தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வார்டுப் பக்கம் போனார்கள்.

இஸ்திரி அக்கா மூலைகளைச் சேர்க்க நெருங்கி வந்தாள். இந்த முறை விலகிப் போகவில்லை. எந்தப் படத்தைப் பற்றியும் வாய் திறக்காதவள் அவள்.

“ஞாயித்துக்கிழமை நீ வசனம் சொல்றது எங்க வீட்டுக்குக் கேக்குது” என்றாள் தாழ்ந்த குரலில். “உன் குரல்தான்னு போன மாசம்தான் பிடிபட்டுச்சு. அதுலேருந்து டிவி சத்தத்தை இன்னும் கூட்டி வெக்கிறேன்.”

டேப்பு தன் பக்கத்து மூலைகளை அக்கா கையிலேயே விட்டுவிட்டாள்.

“நீ ஒண்ணு சொன்னா, ஒரு சின்னக் குரல் அதையே திருப்பிச் சொல்லுதே. அதுக்கு எத்தனை வயசு?”

அவளுக்குக் குழந்தை இருப்பது அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன நடக்கும் என்று கணவன் சொல்லி வைத்திருந்தான். அவள் வாசல் பக்கம் பார்த்தாள். விரிப்பைப் பார்த்தாள்.

“ஆறு” என்றாள்.

“நீ இங்க வந்துட்டா அது எங்க இருக்கும்?”

“பூட்டின அந்த அறையிலதான்.”

“அவரு?”

“அவரும் வேலைக்குப் போயிடுவாரு. என்னைக் கூட்டிட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு.”

அக்கா விரிப்பை மடித்து முடித்தாள். அடுக்கின் மேல் வைத்து, சுருக்கம் போக இரண்டு தடவை நீவினாள். அடுத்த விரிப்பை எடுத்து உதறி, இரண்டு மூலைகளை டேப்பின் கையில் கொடுத்தாள்.

“எங்க வீட்டுக்காரர் கொத்தனாரு. நேத்து தட்டிப் பாத்தாரு. ஒத்தைச் செங்கல் சுவருதானாம்.”

டேப்பு மூலைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்கு நீ எப்பவும்போல வேலைக்கு வந்துடு. பாப்பாகிட்ட மட்டும், சுவத்தை விட்டுத் தள்ளி உக்காரச் சொல்லிட்டு வா.”